அப்பாவைக் கரைத்த அன்று எடுத்த படம்

அந்த வருஷம் எங்கள் பக்கத்து ஊரின் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது. வெளியூரில் யாரிடமாவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னால் இன்றைக்கும் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுபோகும். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. அதற்குச் சில மாதம் முன்னால், தை மாதத்துக் குளிரில், எங்கள் அப்பா இறந்துபோனார். எங்கள் வீட்டுக்கு 1991 என்றால் அதுதான்.

ஒரகடத்திலிருந்து உள்ளே பிரியும் மண்ரோட்டில் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஏரித் தண்ணீரில் கொஞ்சம் நெல், மேட்டில் கொஞ்சம் வேர்க்கடலை. நாங்கள் மூன்று பேர். அண்ணன் சவுதியில் ஏசி மெக்கானிக். நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. தம்பி சுங்குவார்சத்திரத்தில் லேத் பட்டறையில் இருந்தான். அன்றைக்குக் காலையில் குளிக்கப் போன அப்பா கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வளைகுடாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அண்ணனின் கம்பெனிக்குத் தந்தி கொடுத்தோம். கொடுக்கும்போதே தெரியும், அவனால் வர முடியாது என்று. விமானம் ஓடவில்லை. ஓடினாலும் பாஸ்போர்ட் அவன் கையில் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்பனுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன், இதுதான் வழக்கம். நடுவில் பிறந்தவள், அதுவும் பெண்ணாய்ப் பிறந்தவள், குடம் தூக்கிக் கொடுக்கலாம், அழலாம். மூத்தவன் இருந்தும் இல்லாமல் போன வீட்டில் என்ன செய்வது என்று பெரியப்பாவும் பங்காளிகளும் மதியம் வரை பேசினார்கள். கடைசியில் தம்பி செய்யட்டும், ஆனால் அண்ணன் பெயரைச் சொல்லிச் செய்யட்டும் என்று முடிவானது. வேலை ஒருத்தனுக்கு, பேர் இன்னொருத்தனுக்கா என்று எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது. சாவு வீட்டில் வாயைத் திறக்க முடியுமா? சாயந்திரம் தம்பிதான் கொள்ளி வைத்தான்.

மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கிவிட்டு வந்தார்கள். அன்று பொழுது சாயும் நேரம் ரைஸ் மில்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஊரில் போன் இருந்தது அங்கே மட்டும்தான். அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் ஓடினேன்.

"எடுத்துட்டீங்களா?" என்று கேட்டான் அண்ணன்.

"நேத்து சாயந்திரமே எடுத்துட்டாங்கண்ணா. தம்பிதான் எல்லாம் பண்ணான். உம்பேரச் சொல்லித்தான் பண்ணான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். அவன் இருந்தான். அழுகிறானா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கடல்ல எப்ப கரைக்கிறீங்க?" என்றான்.

"நாளைக்கிக் காலைல. மாபலிபுரம்."

"நீ கூடப் போ. கேமரா எடுத்துகினு போ. நான் ஒண்ணுமே பாக்கல. அதையாவது நான் பாக்கணும். தம்பி மொகம் நல்லாத் தெரியற மாதிரி எடு. இருட்டுல எடுக்காத. சூரியன் நல்லா வெளிய வரட்டும். சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கணும், மறந்துடாத."

கேமரா அவன் கொண்டுவந்ததுதான். போன தடவை லீவில் வந்தபோது எனக்குக் கொடுத்து, கையை ஆட்டாதே, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்து, சூரியனை முதுகில் வைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்திருந்தான். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே இருந்த ஃபிலிமில் பொங்கலுக்கு எடுத்தது போக இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

நான் கடலுக்கு வருகிறேன் என்றதும் பெரியப்பா எகிறினார். "பொம்பளப் புள்ளைக்கு அங்க இன்னா வேல? எந்த வூட்ல பாத்த நீ?" அம்மா சுவரில் சாய்ந்தபடியே பேசினாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. "பெரியவன் கேட்டுக்கீறான். அவ போட்டும்." பெரியப்பா துண்டை உதறிவிட்டு வெளியே போனார்.

வேனில் நாலைந்து பேர். சிங்கப்பெருமாள்கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று இருட்டிலேயே போனோம். தம்பி வெறும் வேட்டியோடு உட்கார்ந்திருந்தான், மடியில் சாம்பல் பானை. வேன் குலுங்கும்போதெல்லாம் பானையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். நானும் மடியில் கேமராவை அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கோயிலைத் தாண்டி, பாறைகள் கடலுக்குள் இறங்கிப் போகும் ஓர் இடம். காரியம் செய்து வைப்பவர் அங்கே காத்திருந்தார். நாங்கள் போனபோது கீழ்வானம் லேசாக வெளுத்திருந்தது, அவ்வளவுதான். மணலில் உட்கார வைத்து எள்ளும் தண்ணீரும் விட வைத்தார். மூத்த பிள்ளை பெயர் என்ன என்று கேட்டார். தம்பி அண்ணன் பெயரைச் சொன்னான். அவரும் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லி எல்லாவற்றையும் முடித்து, "போய் விட்டுட்டு வாப்பா" என்றார்.

"சூரியன் வரட்டும்" என்றேன் நான்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கேட்டதைச் சொன்னேன். காரியக்காரர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அது ஒன்றுதான் குறை. அடுத்த குடும்பம் ஒன்று தள்ளி நின்று காத்துக்கொண்டிருந்தது. பெரியப்பா கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "போட்டோவுக்காவ சாம்பல வச்சிகினு நிக்கிற குடும்பத்த நான் எங்கயும் பாக்கல." எனக்குச் சுருக்கென்று இருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தம்பி எழுந்து, பானையோடு தண்ணீரில் இறங்கிவிட்டான்.

"நிக்கிறேன் பெரிப்பா. அண்ணன் பாக்கணும்."

நான் பாறைகளின் மேல் ஏறிக் கடலுக்குள் நடந்தேன். என் கணக்கு எனக்குச் சரியாகத்தான் இருந்தது. சூரியன் கடலில் வரும். தம்பி கடலைப் பார்த்து நின்று பானையை விடுவான். நான் அவனையும் தாண்டிப் போய்க் கரையைப் பார்த்து நின்றால், சூரியன் என் முதுகில், வெளிச்சம் முழுக்க அவன் முகத்தில். அண்ணன் சொன்னபடியே எல்லாம் பொருந்திவந்தது. பாறை முழுக்கப் பாசி. செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றிப் போனேன். அலை வந்து மோதும்போதெல்லாம் பாறையைக் கட்டிக்கொண்டேன். கடைசிப் பாறையில் போய் நின்று கரையைப் பார்த்தேன். தம்பி இடுப்புத் தண்ணீரில் நின்றிருந்தான். பானையை மார்போடு பிடித்திருந்தான். உதடு நடுங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

அன்றைக்குப் பார்த்து அடிவானத்தில் மேகம். வெளிச்சம் வருகிறது, சூரியன் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கரையில் பெரியப்பா கையை ஆட்டி ஏதோ சொல்வதும் மற்றவர்கள் அவரைப் பிடிப்பதும் தெரிந்தது. தம்பி யாரையும் பார்க்கவில்லை. அலை வரும்போது பானையைத் தலைக்கு மேல் தூக்குவான், போனதும் இறக்குவான். இறந்துபோன அப்பாவைவிட எனக்கு அந்த நேரத்தில் அவனை நினைத்துத்தான் அழுகை வந்தது. போதும், விட்டுவிடு என்று கத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். போனில் கேட்ட அந்த மௌனம் என்னைக் கத்த விடவில்லை.

பிறகு சூரியன் வந்தது. நான் அதுவரை கடலில் சூரியன் வந்து பார்த்ததில்லை. முதலில் மேகத்தின் ஓரம் மட்டும் சிவந்தது. அப்புறம் பாறைகளுக்கு நடுவில் தேங்கியிருந்த தண்ணீர் ஒவ்வொன்றாக நிறம் மாறியது. திரும்பிப் பார்த்தால் முழுசாக மேலே வந்திருந்தது. அழகாக இருந்தது என்று சொல்ல அன்றைக்கு மனசு வரவில்லை. அழகாகத்தான் இருந்தது. நான் கேமராவைத் தூக்கினேன். தம்பியின் முகத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது. கண், மூக்கு, மூன்று நாளாகச் சவரம் செய்யாத தாடி, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவன் பானையை விடட்டும் என்று பட்டனில் விரலை வைத்துக் காத்திருந்தேன்.

"கரையப் பாத்துத் திரும்பு" என்று காரியக்காரரின் குரல் கேட்டது. "கடல் முதுகுப் பக்கம் இருக்கணும். பானையத் தோளுக்கு மேல பின்னால விட்டுட்டு வந்துடு. திரும்பிப் பாக்காத."

தம்பி திரும்பினான். என் கண்ணெதிரில் இருந்தது அவன் முதுகு.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பான். விட்டவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதனால் கரையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். என்னை இதற்கெல்லாம் ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகாத காரணத்தால் எனக்கு மட்டும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

முதுகை எடுத்து அனுப்பினால் அண்ணன் என்ன பார்ப்பான்? இரு இரு என்று கத்திக்கொண்டே பாறைமேல் திரும்பி ஓடினேன். ஓட்டமா அது? பாதி சறுக்கல். முழங்கால் உரிந்தது, புடவை முழங்கால் வரை நனைந்து காலைச் சுற்றிக்கொண்டது. கேமராவை மட்டும் நனைய விடவில்லை. கரைப்பக்கத்துப் பாறையில் வந்து நின்று அவனைப் பார்த்து நிமிர்ந்தேன். இப்போது முகம் என் பக்கம் இருந்தது. சூரியன் அவன் தலைக்குப் பின்னால் இருந்தது. ஃப்ளாஷ் என்ற ஒன்று அந்தக் கேமராவில் இருந்தது எனக்குத் தெரியும். அது கல்யாண மண்டபத்துக்கும் இருட்டுக்கும் உள்ளது. சூரியனே எதிரில் நிற்கும்போது ஃப்ளாஷ் எதற்கு? தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவன் பானையைத் தூக்கித் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினேன்.

அவன் திரும்பிப் பார்க்காமல் கரையேறினான். நேரே மணலில் போய் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். பெரியப்பா தன் துண்டை எடுத்து அவனைச் சுற்றிப் போர்த்தினார்.

ஃபிலிமை ஸ்ரீபெரும்புதூர் ஸ்டூடியோவில் கொடுத்தேன். கலர் என்பதால் மெட்ராஸுக்கு அனுப்பி வாங்கித்தான் தருவார்கள். கருமாதி முடிந்த வாரம் ஷிப்ட் விட்டு வரும்போது போய் வாங்கினேன். ஸ்டூடியோக்காரர் கவரைக் கொடுக்கும்போதே, "ஆள் கருப்பாத்தான் வந்துக்கீது. எதிர்வெயில்ல எடுத்துட்டீங்க. ஃப்ளாஷ் போட்டிருக்கணும்" என்றார்.

மேலே இருந்தது பொங்கலன்று எடுத்த படம். மாட்டுக்குப் பக்கத்தில் அப்பா, தோளில் புதுத்துண்டு, முகம் முழுக்க வெயில். கன்னத்து மடிப்புகூடத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் படம். கடல் முழுக்கப் பொன். பாறைகள் கருப்பு. தலைக்குப் பின்னால் சிவப்பாகச் சூரியன், கைகள் உயர்ந்திருக்க, பானை விரல் நுனியை விட்டுப் போகும் நேரம். அந்த உருவத்துக்கு முகமே இல்லை. முழுசும் கருப்பு. காலண்டர் போடுகிறவனிடம் கொடுத்தால் கேட்டு வாங்கிக்கொள்வான். எனக்கு வேண்டியது காலண்டர் இல்லையே. அதற்கப்புறம் அவசரத்தில் அழுத்திய மிச்சம் இரண்டில் ஒன்று வெறும் தண்ணீர், இன்னொன்று கை ஆடிப்போனது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். அவ்வளவு நேரம் தம்பியைக் குளிரில் நிற்க வைத்தேன். அதைக்கூட எனக்கு ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன். போர் முடிந்து தபால் ஒழுங்காகப் போக ஆரம்பித்தபிறகு ஒருநாள் மில்காரர் வீட்டுக்குப் போன் வந்தது.

"வந்துச்சு. நல்லாக்கீது" என்றான் அண்ணன்.

"இன்னாண்ணா நல்லாக்கீது? மொகமே தெரியல. ஸ்டூடியோக்காரரு வெளிச்சம் கூட்டிப் போட்டா மொகம் கொஞ்சம் தெரியும்னு சொல்றாரு. போட்டு அனுப்பட்டா?"

"வேணாம்" என்றான். "இதே இருக்கட்டும்."

என் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல அண்ணன் என்றுகூட நினைத்தேன்.

அண்ணன் சில வருஷம் கழித்து ஒரேயடியாகத் திரும்பி வந்தான். கல்யாணம், ஒரு பெண் குழந்தை. பிறகு படப்பை போகும் ரோட்டில் மனை வாங்கி வீடு கட்டினான். அதற்குள் கம்பெனிகள் வந்து எங்கள் பக்கமே மாறிப்போயிருந்தது. எனக்கும் கல்யாணமாகிவிட்டது. தம்பி ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரும் போனோம். அன்றைக்கும் ஓடியாடி வேலை செய்தவன் தம்பிதான், இலை போட்டதும் சோற்றுக் குண்டான் தூக்கியதும் அவன்தான்.

ஹாலில் மாலை போட்ட அப்பாவின் படம், பொங்கலன்று எடுத்ததுதான். அதற்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக, பளபளக்கும் சட்டத்துக்குள் அந்தக் கடல். கதவளவு பெரிதாக்கியிருந்தான். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று பார்த்தார்கள். அண்ணன் மகள், அப்போது ஏழெட்டு வயது, பட்டுப்பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இது எங்கப்பா. எங்க தாத்தாவக் கடல்ல விடறாரு."

அண்ணனோடு சவுதியில் இருந்த ஒருவர், "அந்த நேரத்துல எப்படிப்பா வந்த நீ? எங்களால ஒருத்தராலயும் வர முடியலயே" என்றார். அண்ணன் காபித் தட்டோடு நின்றிருந்தான். வெளியே பந்தியில் தம்பி இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். இதே இருக்கட்டும் என்று அன்றைக்குச் சொன்னது என் மனசுக்காக இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் இல்லாததுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

என் வாய் சும்மா இருக்காது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலிக்கிற அளவுக்கு அழுத்தினாள். அவளுக்கும் தெரியும். யார் தண்ணீரில் நின்றது என்று அவளுக்கா தெரியாது?

தம்பி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். குழந்தை அவனைப் பிடித்து இழுத்துப்போய்ப் படத்தின் முன்னால் நிறுத்தினாள். "சித்தப்பா, இது எங்கப்பாதான? இவரு நம்ப மாட்றாரு."

தம்பி படத்தைப் பார்த்தான். அவ்வளவு பெரிதாக அவன் அதைப் பார்த்ததில்லை. நிறைய நேரம் பார்த்தான். சவுதிக்காரர் நின்றார், அண்ணன் நின்றான்.

"ஆமாம்மா" என்றான். "உங்கப்பாதான்."

"நீ எங்க இருந்த?"

"நானா? நான் உங்க அத்தையோட பாறை மேல நின்னுகினு இருந்தேன்."

அண்ணன் தட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். வெகு நேரம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான், கண் சிவந்திருந்தது. தம்பிக்குத் தன் கையால் இலை போட்டு, பக்கத்திலேயே நின்று பரிமாறினான்.

சாயந்திரம் தம்பியும் நானும் ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன்டா அப்படிச் சொன்ன? கொள்ளி வச்சதும் நீ. அந்தக் குளிர்ல செத்துப் பொழச்சதும் நீ. அந்தப் புள்ள காலம் பூரா அவங்கப்பன்னே சொல்லும். உம்பேரு எங்கயுமே இருக்காது. கேட்டா ஒரு வார்த்த உண்மையச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை.

"அவனுக்கு அது ஒண்ணுதாங்கா கீது" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, நான் ஏன் இதைக்கூடப் புரிந்துகொள்ளவில்லை என்பது போலச் சொன்னான், "எனக்கு எதுக்குக்கா போட்டோ? நான்தான் அங்க இருந்தனே."